காட்டு வீட்டுக்கு வாடகை ஒரு படம்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கத் தேசியப் பூங்கா ஒன்றில் மூன்று வாரம் தனியாகத் தங்கி நீர்வண்ணம் தீட்டிய கதையைப் போன இதழில் எழுதியிருந்தேன். முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்த ஒருத்தி, ஐம்பதைத் தாண்டிய பிறகு தூரிகைக் கட்டும் கொசுவலையுமாகக் காட்டுக்குக் கிளம்பியது பலருக்கு வேடிக்கையாகப் பட்டிருக்கிறது. கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன். 'உங்கள் படங்கள் என் பேத்தி வரைந்ததைப் போல இருக்கின்றன' என்று எழுதியிருந்த பெரியவருக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: பேத்தியை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் ஐயா.

கேள்வி: காட்டுக்குள் வீடு கொடுத்து, 'நீ பாட்டுக்கு வரைந்துகொண்டிரு' என்று அரசாங்கமே சொல்கிறதா? நம்ப முடியவில்லை. – பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வரைகிற ஒரு வாசகி

பதில்: சொல்கிறது. 'ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்' என்பார்கள். நான் ரெசிடென்ஸி என்றே எழுதுகிறேன். 'உறைவிடக் கலைஞர்' என்று மொழிபெயர்த்தால் எனக்கு விடுதிக் காப்பாளர்தான் நினைவுக்கு வருகிறார்.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1916 ஆகஸ்ட் 25-இல் பிறந்தது. இன்று அதன் பொறுப்பில் 430-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. 'தேசியப் பூங்கா' என்று பெயரிலேயே இருப்பவை 63. எல்லா இடத்திலும் ரெசிடென்ஸி கிடையாது. தலைமையகத்துக்கு ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, எங்காவது ஒதுக்குவார்கள் என்று காத்திருக்கவும் முடியாது. ஒவ்வொரு பூங்காவும் தனிக் குடித்தனம். விதி வேறு, கடைசித் தேதி வேறு, வீடு வேறு. சிலவற்றைப் பூங்காவே நடத்துகிறது. சிலவற்றைப் பூங்காவுக்குத் துணைநிற்கும் அறக்கட்டளைகள் நடத்துகின்றன. தங்கும் காலம் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம். பணமோ ஆளோ இல்லாத ஆண்டில் சத்தமில்லாமல் நிறுத்தியும் விடுவார்கள். அதனால் போன ஆண்டு அறிவிப்பைப் பார்த்து இந்த ஆண்டு பெட்டி கட்டாதீர்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் அந்த வீடுகள். கொலராடோவில் ராக்கி மவுண்டன் பூங்காவில் 1984 முதல் கலைஞர்கள் தங்குவது, வில்லியம் ஆலன் வைட் என்ற கான்சஸ் மாநிலப் பத்திரிகை ஆசிரியரின் பழைய கோடை வீட்டில். அலாஸ்காவின் டெனாலியில் ஒரு சின்ன மரவீடு இருக்கிறது. அடால்ஃப் மியூரி ஓநாய்களை ஆராய்ந்த காலத்தில் தங்கிய வீடு, பிறகு கலைஞர்களுக்கும் கொடுத்தார்கள். கனெக்டிகட்டில் உள்ள வியர் ஃபார்ம் காடே இல்லை, பழைய பண்ணை. ஜூலியன் ஆல்டன் வியர் என்ற ஓவியர் 1882-இல் ஓர் ஓவியத்தையும் பத்து டாலரையும் கொடுத்து அந்த நிலத்தை வாங்கினார். நிலப் பதிவுகளில் இதைவிட அழகான கிரயத் தொகையை நான் பார்த்ததில்லை.

நான் தங்கியது ஐல் ராயலில், சுப்பீரியர் ஏரிக்கு நடுவே ஒரு நீளத் தீவு. பூங்காவின் பெரிய படகில் ஆறு மணி நேரம். தீவில் கார் கிடையாது. கலைஞர் வீட்டில் மின்சாரமும் குழாயும் கிடையாது. நவம்பர் பிறந்தால் ஏப்ரல் நடுவரை தீவையே பூட்டிவிடுவார்கள்.

கேள்வி: தங்க வீடு, வரைய நேரம், கூடவே பணமுமா? கரும்பு தின்னக் கூலியா என்று என் கணவர் கேலி செய்கிறார். – தைல வண்ணம் பழகும் வங்கி ஊழியர்

பதில்: கூலி இருக்கட்டும், பல இடங்களில் கரும்புக்கு வண்டிச்சத்தமும் நாம்தான் கொடுக்க வேண்டும். வீடு இலவசம். பயணம், சாப்பாடு, காகிதம், வண்ணம் பெரும்பாலும் நம் தலையில். சில பூங்காக்கள் உதவித்தொகை தருகின்றன; பல தருவதில்லை. விண்ணப்பத்துக்கே கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. மூன்று வாரம் சம்பளம் இல்லாமல் இருக்க முடியாதவரும், கைக்குழந்தையை யாரிடமும் விட்டுவர முடியாதவரும் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். 'திறமை ஒன்றையே பார்க்கிறோம்' என்று அறிவிப்பில் படிக்கும்போது எனக்குள் இருக்கும் கணக்கர் கனைத்துக்கொள்வார்.

பதிலுக்கு நாம் கொடுப்பது வழக்கமாக இரண்டு. தங்கும் நாட்களில் பொதுமக்களுக்கு ஒரு நிகழ்ச்சி: பேச்சு, செய்முறை விளக்கம், கூட நடந்து வரைவது, எதுவானாலும் சரி. பிறகு, அந்த இடத்தைப் பார்த்துச் செய்த ஒரு படைப்பைப் பூங்காவுக்குக் கொடுத்துவிட வேண்டும். இதற்குச் சில மாதங்கள் அவகாசம் தருவார்கள். காட்டு வீட்டுக்கு வாடகை ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டை அவசியம் பாருங்கள். நான் பார்க்காமல் கெட்டவள். ஐல் ராயலுக்கு முன்பே வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், பத்து நாள் தங்கினேன். வந்த மகிழ்ச்சியில் மூன்று பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். ஊரார் ஒப்பந்தங்களை எல்லாம் வரிவரியாகப் படித்து முப்பது ஆண்டு சம்பளம் வாங்கியவள் நான்! இரண்டு ஆண்டு கழித்து நண்பர் ஒருவர் ஒரு துணிப்பை அனுப்பியிருந்தார். அதில் என் படம். என் பெயர் இல்லை. என் ஊசியிலை மரங்களில் ஒன்றையும் காணவில்லை, பையின் மடிப்பில் போய்விட்டது. எடுத்துப் படித்தால் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் பதிப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அமெரிக்கச் சட்டத்தில் படம் வேறு, பதிப்புரிமை வேறு. படத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் உரிமையும் கூடவே போய்விடாது. உரிமை கைமாற, எழுதிக் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். ஆகவே அந்த ஆவணம் உங்கள் முன் வரும்போது கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். 'கல்விக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்த அனுமதி' என்றால் எனக்குச் சம்மதம். 'உரிமை முழுவதும்' என்றால் மாற்றக் கேளுங்கள். கேட்டால் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில் எனக்குக் குரு ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக்காரர். 1941-இல், பூங்காக்களைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் இன்டீரியர் துறை அவரைத் தேசியப் பூங்காக்களைப் படமெடுக்க அமர்த்தியது, நாளுக்கு 22.22 டாலர். போர் வந்ததும் திட்டம் நின்றது. துறைக்காக எடுத்த 226 படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பொதுச்சொத்து, யாரும் அச்சிடலாம். அதே பயணத்தில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், கல்லறைச் சிலுவைகளுக்கு மேலே நிலா எழும் படத்தையும் எடுத்தார். அவருடைய படங்களிலேயே அதிகம் பேசப்பட்டது அது. அரசாங்கத்துக்குச் சொந்தமா, அவருக்கா? மனிதர் தேதியைக் குறித்து வைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, படத்தில் நிலா இருந்த இடத்தை வைத்து வானியல் கணக்குப் போட்டு நவம்பர் 1 என்று முடிவு செய்தார்கள். அந்த நாளுக்கு அவர் துறையிடம் கூலி கேட்டிருக்கவில்லை. படம் அவருடையதாயிற்று. உங்கள் ஸ்கெட்ச் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் தேதி போடுங்கள். எல்லோருக்கும் நிலா சாட்சி சொல்ல வராது.

கேள்வி: இந்தக் காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் கேமரா. வனத்துறைக்கு ஓவியர் எதற்கு? – ஒரு புகைப்படக்காரர்

பதில்: முதல் தேசியப் பூங்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் ஆளும் அதில் இருக்கிறார். 1871-இல் ஹேடன் என்ற புவியியலாளர் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு யெல்லோஸ்டோன் பக்கம் போனது. கூடவே புகைப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சன். கூடவே தாமஸ் மோரான், முப்பத்து நான்கு வயது ஓவியர், ஒல்லி. குதிரை ஏறிப் பழக்கமே இல்லை. சேணத்தின் மேல் தலையணையைப் போட்டுக்கொண்டு சவாரி செய்தாராம். செலவுக்கு ஜே குக் என்ற பணக்காரரிடம் 500 டாலர் கடன். அந்தப் பக்கம் ரயில் பாதை போடப் பணம் திரட்டிக்கொண்டிருந்தவர் இந்த ஜே குக். ரயில் போட்டால் ஆள் ஏற வேண்டும்; ஆள் ஏற வேண்டுமென்றால் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே, காட்டைக் காக்க வந்த தூரிகைக்குப் பின்னால் டிக்கெட் விற்கும் கணக்கும் இருந்தது. அதனால் மோரானின் படம் ஒரு துளியும் மட்டமாகிவிடவில்லை.

திரும்பி வந்தபோது ஜாக்சனிடம் புகைப்படங்கள், மோரானிடம் நீர்வண்ணங்கள். புகைப்படம் கறுப்பு வெள்ளை. கொதிக்கும் ஊற்றின் விளிம்பில் மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று வளையம் வளையமாக நிறம் இருக்கும் என்று சொன்னால் வாஷிங்டனில் யார் நம்புவார்கள்? அப்படி ஓர் இடம் இருப்பதற்கு ஜாக்சன் சாட்சி. அதன் நிறத்துக்கு மோரான் சாட்சி. இரண்டும் சேர்ந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் கண்ணில் பட்டன. 1872 மார்ச் 1 அன்று, யெல்லோஸ்டோனைப் பூங்காவாக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்டார்.

யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கை மோரான் வரைந்த ஏழடி உயரம், பன்னிரண்டடி அகலத் தைல ஓவியம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அது சட்டத்துக்குப் பிறகுதான் முடிந்தது. அதே ஆண்டில் காங்கிரஸ் அதை 10,000 டாலருக்கு வாங்கியது. மனசை மாற்றியது மடியில் வைத்து வரையும் அளவுள்ள சின்ன நீர்வண்ணங்கள். நீர்வண்ணக்காரி என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

இன்று யெல்லோஸ்டோன் இருக்கிறது என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு காட்சி முனையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வருகிறவர்கள் போனைத் தூக்குகிறார்கள், எடுக்கிறார்கள், திரும்பி நடக்கிறார்கள். அங்கே ஒருத்தி மடக்கு நாற்காலியில் மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்தால், 'என்ன பார்க்கிறாள்?' என்று நாலு பேர் நிற்பார்கள். நின்றவர்கள் அவள் பார்க்கும் பக்கம் திரும்புவார்கள். பூங்காக்காரர்களுக்கு அந்த நாலு பேர் வேண்டும். சரி, உங்களுக்கும் ஒரு நல்ல செய்தி: புகைப்படக்காரர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: கரடி வராதா?

பதில்: ஐல் ராயலில் கரடி இல்லை; மூஸ் என்ற பெரிய மானும் ஓநாயும் உண்டு. கரடி உள்ள பல பூங்காக்களில் கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம், மற்ற பெரிய விலங்குகளுக்கு 25 கஜம் தள்ளி நிற்கச் சொல்வார்கள். எனக்கு வந்தது எலி. என் ரப்பரைத் தின்றுவிட்டது.

கேள்வி: மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் நிராகரித்துவிட்டார்கள். என் படங்கள் மோசமில்லை. விண்ணப்பத்தில் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? – நுண்கலைக் கல்லூரி மாணவி

பதில்: நான் நான்கு முறை நிராகரிக்கப்பட்டவள். உங்களுக்கு இன்னும் ஒன்று பாக்கி.

ஒருமுறை தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். மேசையின் அந்தப் பக்கம் போனதும்தான் என் பழைய விண்ணப்பங்கள் எவ்வளவு அலுப்பூட்டியிருக்கும் என்று புரிந்தது. பெயரை மறைத்துப் படங்களை முதலில் காட்டினார்கள். பத்துப் படம் கேட்டால் பத்தும் அனுப்புகிறோம். ஆறு நன்றாக இருக்கும், நான்கு எண்ணிக்கைக்கு. பார்க்கிறவர் மனத்தில் அந்த நான்குதான் தங்குகிறது. பத்து கட்டாயமில்லை என்று எழுதியிருந்தால் ஆறோடு நிறுத்துங்கள். பூவுக்கு ஒரு பாணி, முகத்துக்கு ஒரு பாணி, அரூபம் இரண்டு என்று திறமையைக் கடை பரப்பாதீர்கள். ஒரே ஆள் வரைந்தது என்று தெரிய வேண்டும்.

அடுத்து, எழுத்து. 'இயற்கை எனக்கு எப்போதுமே உந்துசக்தி' என்று தொடங்கிய கடிதங்களை எண்ணினேன், பழக்கதோஷம். முதல் இருபதில் பதினொன்று. 'உங்கள் பூங்காவின் பேரழகை என் கேன்வாஸில் கொண்டுவர விழைகிறேன்' என்பதில் பூங்காவின் பெயரை மாற்றினால் வேறு பூங்காவுக்கு அனுப்பலாம். அனுப்பியிருந்தார்கள், ஒருவர் பெயரை மாற்றவே மறந்திருந்தார். எல்லோரும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்த விண்ணப்பம் ஒரு பக்கம்கூட இல்லை. துணியில் நூல் வேலை செய்கிறவர். 'ஒரு பாறைச்சரிவில் அடுக்கு அடுக்காக இருக்கும் நிறங்களுக்குச் செடிகளில் இருந்து சாயம் எடுக்க ஆசை. உங்கள் பூங்காவில் ஒரு இலையையும் பறிக்க முடியாது என்று தெரியும். அதனால் சாயங்களை வீட்டிலேயே காய்ச்சி எடுத்து வந்து, சரிவுக்கு எதிரே உட்கார்ந்து எந்த நூல் எந்த அடுக்குக்குச் சரி என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். பார்க்க வருகிற குழந்தைகளின் கையிலும் நூல்கண்டைக் கொடுப்பேன்' என்று எழுதியிருந்தார். விதியைப் படித்திருக்கிறார், இடத்தைத் தெரிந்திருக்கிறார், பொது நிகழ்ச்சிக்கும் வழி சொல்லிவிட்டார். படங்கள் இரண்டாம் தரம்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அவருக்கே என் ஓட்டு.

எல்லோரும் கேட்கும் ஜூலை மாதத்தைக் கேட்காதீர்கள். மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் ஒப்புக்கொள்கிறவருக்கு வரிசை குட்டை.

கேள்வி: விமானத்தில் வண்ணங்களைக் கொண்டுபோக விடுவார்களா? குளிரில் நீர்வண்ணம் காயுமா?

பதில்: தைல வண்ணக் குழாய்களுக்குத் தடையில்லை, அவற்றில் இருப்பது தாவர எண்ணெய். பரிசோதகர் பார்த்ததும் புரிந்துகொள்ளும்படி, தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தாளை அச்செடுத்துக் கூடவே வையுங்கள். டர்பன்டைன் கூடவே கூடாது. கைப்பையிலும் முடியாது, பெட்டியிலும் முடியாது. போய் இறங்கிய இடத்தில் வாங்க வேண்டும், அல்லது தண்ணீரில் கரையும் தைல வண்ணத்துக்கு மாற வேண்டும். ஈரப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கொண்டுவரத் தடுப்பு வைத்த பெட்டி வேண்டும். இல்லாதவர்கள் பலகையின் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்துக் கட்டுவார்கள்.

நீர்வண்ணத்துக்கு இடம்தான் எதிரி. பாலைவனப் பூங்காவில் ஒரு வாரம் வரைந்தேன். வானத்துக்கு நீலம் போட்டு, தூரிகையை நனைக்கத் திரும்புவதற்குள் காய்ந்து கோடாகிவிடும். காகிதத்தின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொண்ட பிறகே வழிக்கு வந்தது. குளிரில் நேர்மாறு, காயவே காயாது. ஒரு விடியற்காலையில் மரத்துக்கு இளம்பச்சை போட்டேன். சாய்ந்திருந்த காகிதத்தில் அது மெல்ல இறங்கி ஏரிக்குள் போய்ச் சேர்ந்தது. இன்னும் குளிர்ந்தால் வண்ணம் காகிதத்திலேயே உறைந்து பெரணி இலைபோலக் கொடி கொடியாகப் படிகம் கட்டும். பார்க்க அழகு. வீட்டுக்குள் கொண்டுவந்தால் உருகிச் சேறு. தண்ணீர் உறையாமல் இருக்கக் கிண்ணத்தில் கொஞ்சம் வோட்கா விடுவது பனிப்பிரதேச ஓவியர்களின் பழைய வழக்கம். நான் விட்டேன். ரோந்து வந்த ரேஞ்சர் பெண் பாட்டிலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், 'ஓவியரா?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கழுவிய வண்ணத் தண்ணீரை ஓடையில் கொட்டாதீர்கள். காட்மியம், கோபால்ட் எல்லாம் மீன் கேட்டு வாங்கிய வண்ணங்கள் இல்லை.

கேள்வி: ஆதிமனிதன் பாறையில் வரைந்ததைப் பாதுகாக்கிறார்கள். நான் வரைந்தால் மட்டும் குற்றமா? – சுவர் ஓவியம் வரையும் இளைஞர்

பதில்: குற்றம்தான் தம்பி. 2014-இல் ஒரு பெண் பல தேசியப் பூங்காக்களின் பாறைகளில் அக்ரிலிக் வண்ணத்தில் முகங்களை வரைந்து, படமும் எடுத்துப் போட்டார். வழக்கு நடந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 200 மணி நேரச் சமூகப் பணி, பூங்காக்களில் கால்வைக்கவும் தடை. ஆதிமனிதனோடு போட்டி போட ஆசை இருந்தால் அவர் செய்ததுபோல ஒரு மான் எப்படித் திரும்பும் என்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கவிதை எழுதுகிறவன். எங்களுக்கும் இடம் உண்டா?

பதில்: உண்டு. கவிஞர், இசையமைப்பாளர், நடனக் கலைஞர், நெசவாளர் என்று பல பூங்காக்கள் எல்லோரையும் அழைக்கின்றன. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த இலக்கணம் நம்முடையது. பறவையும் மரமும் கருப்பொருள். அதன் பிறகுதான் உரிப்பொருளான உங்கள் காதலும் பிரிவும். இந்த வரிசையில் யோசித்து விண்ணப்பம் எழுதினால் தேர்வுக் குழுவுக்கு உங்களைப் பிடித்துப்போகும். பெரும்பாலான கவிஞர்கள் உரிப்பொருளில் தொடங்கி உரிப்பொருளிலேயே முடித்துவிடுகிறார்கள். பூங்காவுக்கு இடமே இருப்பதில்லை.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்காதவர்கள் விண்ணப்பிக்கலாமா?

பதில்: சில பூங்காக்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே இடம் தருகின்றன. மற்றவை வெளிநாட்டவரையும் ஏற்கின்றன. ஆனால் பல இடங்களில் தன்னார்வலர் என்றுதான் ஒப்பந்தம் போடுவார்கள். சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வலராக இருக்க முடியாது. பெரும்பாலும், பரிமாற்றத் திட்டங்களில் வருகிறவர்களுக்கான ஜே-1 விசா கேட்பார்கள். பூங்கா அதற்கு உதவுமா என்று விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

வெளியிலிருந்து வந்த கண் எதற்கு என்று யாராவது கேட்டால் சியுரா ஒபாட்டாவைக் காட்டுங்கள். ஜப்பானில் பிறந்து 1903-இல் அமெரிக்கா வந்தவர். 1927-இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியிலும் அதை ஒட்டிய உயர்ந்த மலைகளிலும் சில வாரம் திரிந்து வரைந்தார். பிறகு ஜப்பானுக்குப் போய், அந்தப் பயணத்திலிருந்து 35 மர அச்சுப் படங்களைச் செய்வித்தார். ஒரே படத்துக்கு நூறு தடவைக்குமேல் அச்சுப் பதித்ததும் உண்டு. மையை இழுத்தும் விட்டும் கிரானைட் மலையை வரைகிறார். உள்ளூர்க்காரர் எவரும் அந்தக் கல்லை அவ்வளவு இலேசாகக் காட்டியதில்லை. 1942-இல் அதே அரசாங்கம் அவரை மற்ற ஜப்பானியரோடு சேர்த்து முகாமில் அடைத்தது. அங்கேயும் ஓவியப் பள்ளி தொடங்கினார்.

கேள்வி: அந்தக் காடுகளில் குடியிருந்த பழங்குடிகளைத் துரத்திவிட்டுத்தானே பூங்கா ஆக்கினார்கள்? அங்கே போய் 'மனிதக் கால் படாத இயற்கை' என்று வரைவது உறுத்தவில்லையா? – வரலாற்று ஆசிரியை

பதில்: உறுத்துகிறது. வந்த கடிதங்களில் மிகவும் கறாரான கேள்வி இது.

இப்படி ஒரு பூங்கா வேண்டும் என்று முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஜார்ஜ் கேட்லின், அவரும் ஓவியர். 1832-இல் மிசூரி ஆற்றில் படகில் போய்ப் பழங்குடி மக்களை வரைந்தவர். அவர் கேட்ட பூங்காவில் எருமைக் கூட்டத்தோடு அந்த மக்களும் இருந்தார்கள். அதிலும் கோளாறு உண்டு. மனிதர்களைக் காட்சிப் பொருளாக வேலிக்குள் வைக்கும் யோசனை அது. நாற்பது ஆண்டு கழித்துச் சட்டம் வந்தபோது நிலம் இருந்தது, விலங்கு இருந்தது, மக்களுக்கு இடமில்லை. யெல்லோஸ்டோனில் டுகுடிகா மக்கள் மலையாடு வேட்டையாடி வாழ்ந்திருந்தார்கள்; சில ஆண்டுகளில் அவர்களை அப்புறப்படுத்திவிட்டார்கள். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அவானிச்சி மக்களின் ஊர்கள் இருந்தன. ஆள் நடமாட்டமே இல்லாத அந்தப் பெரிய ஓவியங்களை நம்பித்தான் 'கன்னி நிலம்' என்ற பேச்சு வளர்ந்தது. எங்கள் தொழிலுக்கு இதில் பங்கு உண்டு.

ஐல் ராயலில் கால்வைத்த முதல் நாளே இது எனக்குப் புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. இரண்டாம் வாரம் பாசி பிடித்த ஒரு குழியை 'இயற்கையான பள்ளம்' என்று வரைந்துகொண்டிருந்தேன். ரேஞ்சர் பெண் வந்து பார்த்தார். மனிதர்கள் தோண்டியது என்றார்; ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கல்லால் இடித்துச் செம்பு எடுத்திருக்கிறார்கள். படத்தைக் கிழிக்கவில்லை. கீழே 'செம்புக் குழி' என்று தலைப்பை மட்டும் மாற்றினேன். இன்றைக்குச் சில பூங்காக்கள் பழங்குடிக் கலைஞர்களையே தேடி அழைக்கின்றன. ஜன்னல் ஓரத்து இடத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் அடுத்த ஆண்டு வரிசையில் நிற்பதில் எனக்கு வருத்தமில்லை.

கேள்வி: மூன்று வாரம் ஒற்றையாக என்ன செய்தீர்கள்? பயமாக இல்லையா? – பலர்

பதில்: முதல் இரவு பயந்தேன். ஏரிக்கு நடுவிலிருந்து யாரோ பெண் அழுவதுபோல நீளமாக ஒரு குரல். விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் கேட்டால் லூன் என்ற நீர்ப்பறவையாம். பத்தாம் நாள் அது கத்தாத இரவில் தூக்கம் வரவில்லை.

காலையில் ஏரியில் தண்ணீர் மொண்டு கொதிக்க வைப்பேன். ஏழு முதல் பத்துவரை வரைவேன். நடுப்பகல் வெளிச்சம் தட்டையானது, அப்போது துவைப்பது, தூங்குவது. நாலு மணிக்கு மறுபடி. இருபத்தொரு நாளில் முப்பத்தெட்டுத் தாள், தேறியது ஐந்து. முதல் வாரம் முழுக்க ஏரி, வானம், தூரத்துக் கரை என்று பெரிது பெரிதாக வரைந்து வீணடித்தேன். எல்லாமே வாழ்த்து அட்டை.

எட்டாம் நாள் மழை. வெளியே போக முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்து எதிரே இருந்த கறுத்த எரிமலைப் பாறையைப் பார்த்தேன். அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் கல்பாசி படர்ந்திருந்தது. குழாயிலிருந்து பிதுக்கிய காட்மியம் ஆரஞ்சு அதன் பக்கத்தில் கூச்சல் போட்டது. மஞ்சள் காவியில் கொஞ்சம் செங்காவி சேர்த்தேன், கிட்டே வந்தது. மழை விட்டுப் பாறை காய்ந்ததும் நிறம் மங்கிவிட்டது; நனைந்தால் ஒன்று, காய்ந்தால் வேறொன்று. விளிம்பில் மட்டும் வெளுத்த ஓரம், வேட்டிக் கரை மாதிரி. உள்ளங்கையளவு பாசியை ஐந்து நாள் வரைந்தேன். நிறச் சேர்க்கைகளைக் கணக்குப் பேரேடு போலக் கட்டம் போட்டு எழுதி வைத்தேன். பற்று, வரவு மட்டும்தான் இல்லை.

கடைசி மாலை பொது நிகழ்ச்சிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். பெரியவர்கள் ஏரிப் படங்களைப் புகழ்ந்தார்கள். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் பாசிப் படத்தின் முன்னால் நின்று, 'இந்தக் கல் நிஜமாக இருக்கிறதா?' என்றான். மறுநாள் காலை அவன் அம்மாவோடு வரச்சொல்லிக் கூட்டிப்போனேன். அவன் படத்தை வாங்கிப் பாறைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தேர்வுத்தாள் திருத்துகிறவரைப் போல மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தான். வலது மூலையில் விரலை வைத்தான்.

"இந்தப் புள்ளியை விட்டுவிட்டீர்கள்."

பார்த்தேன். ஐந்து நாள் பார்த்த பாறையில், மிளகு அளவில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி தனியாக இருந்தது. மூட்டை கட்டிய வண்ணப்பெட்டியைத் திறந்து, மழைத்தண்ணீரிலேயே தூரிகையை நனைத்து, அவன் காட்டிய இடத்தில் வைத்தேன். பூங்காவுக்கு வாடகையாகக் கொடுத்த படம் அதுதான். படகில் ஏறியபோது அந்தப் புள்ளி இன்னும் காயவில்லை.